பறவை பார்ப்பதும் அரசியலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ஞாயிறுதோறும் குளக்கரைகளுக்குப் பறவை பார்க்கப் போகும் சிறு குழு ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லாரும் உண்டு. தேர்தல் சமயத்தில் இரண்டு பேருக்குள் கட்சிப் பேச்சு முற்றிப்போய், மூத்தவர்கள் சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் ஒருங்கிணைப்பாளர் ‘இங்கே அரசியல் கூடாது’ என்று விதி போட்டார். நிம்மதியாகத்தான் இருந்தது. போன மாதம் ஒரு மாணவி, குளத்தில் குப்பை கொட்டுவதைப் பற்றிக் கலெக்டருக்கு மனு கொடுக்கலாம் என்றாள். அதுவும் அரசியல்தான், வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பெண்ணும் இப்போது வருவதில்லை. இந்த விதி சரியா?

ரா., திருநெல்வேலி

அன்புள்ள ரா.,

விதி சரி. அதை அந்த மாணவிமேல் பாய்ச்சியது சரியில்லை.

வெவ்வேறு சின்னத்துக்கு ஓட்டுப் போடுகிற வாத்தியாரும் கடைக்காரரும் ஒரே டெலஸ்கோப்பில் மாறி மாறிக் கண் வைத்து, தூரத்தில் நிற்பது உள்ளானா உப்புக்கொத்தியா என்று மல்லுக்கட்டும் இடம் நம் ஊர்களில் அதிகம் இல்லை. அங்கே தலைவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினால், தோற்றவர் அடுத்த வாரம் வரமாட்டார். ஜெயித்தவர் தனியாக நின்று நாரை எண்ண வேண்டியதுதான். கட்சிச் சண்டை போட வேறு இடங்களுக்கா பஞ்சம்? உங்கள் ஒருங்கிணைப்பாளர் அந்த மட்டில் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார்.

ஆனால் மனு விஷயம் வேறு. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம்தான் போய் நின்றார்கள். 1798இல் லயோனல் பிளேஸ் என்ற கலெக்டர், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தில் கொடுத்தார். பறவைப் பாசம் மட்டும் அவர்களை நடக்க வைக்கவில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம், அந்தக் கணக்கும் இருந்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2020இல் அந்த எல்லையைச் சுருக்கும் யோசனை வந்தபோது ஊர்க்காரர்களும் பறவை ஆர்வலர்களும் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மனு கொடுப்பது அரசியல் என்றால், நாம் பைனாகுலரோடு போய் நிற்கிற அந்தக் கரையே அரசியலால் பிழைத்ததுதான். பறவையியல் அறிஞர் சாலிம் அலியும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றக் குரல் கொடுத்தவர்தான். 1985இல் மாநிலங்களவைக்கே நியமிக்கப்பட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பறவைக்காகப் பேசுகிறோம் என்பதாலேயே நாம் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைச் சரணாலயத்தை 1982இல் தேசியப் பூங்காவாக அறிவித்து, எருமை மேய்ச்சலைத் தடை செய்தார்கள். சாலிம் அலியும் தடையின் பக்கம்தான் நின்றார். எதிர்த்த கிராமத்தார்மேல் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. பிறகு, அவர் காலமெல்லாம் உழைத்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து சொன்னது: மேய எருமை இல்லாமல் புல் மண்டி, திறந்த நீர்ப்பரப்பு குறைந்து, நீர்ப்பறவைகளுக்குத்தான் கெடுதல். அதனால் கோஷத்தைவிட நோட்டுப் புத்தகத்தை நம்புவது நல்லது.

எங்கே கோடு போடுவது என்று கேட்பீர்கள். ஒருவர் சொன்னதிலிருந்து குளத்தையும் பறவையையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் அந்தப் பேச்சு அப்படியே நின்றால், அதற்கு இடம் வேறு. ‘குப்பை கொட்டுகிறவன் எந்தக் கட்சிக்காரன் தெரியுமா’ என்பது குளம் இல்லாமலும் ஓடும். ‘வடக்கு மடை ஓரமாகக் கொட்டுகிறார்கள், அங்கேதான் நாமக்கோழி கூடு கட்டும்’ என்பது ஓடாது. எந்த அலுவலகம் பொறுப்பு என்று கேட்பதும் குளத்தின் பேச்சுதான். அந்த நாற்காலியில் இருப்பவரின் சாதி, கட்சி, தலைவர் என்று இறங்கும்போது நிறுத்தினால் போதும். இரண்டு பக்கத்தையும் ஒரே குரலில் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் குழுவில் எப்படியோ தெரியாது, பல இடங்களில் பார்க்கிறேன்: அரசியல் கூடாது என்பவர்களே கரையில் மரக்கன்று நட வரும் பெரிய மனிதருக்கு வரிசையில் நின்று சால்வை போர்த்துகிறார்கள். சால்வை போர்த்தினால் மரியாதை, மனு கொடுத்தால் அரசியல் என்கிற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

சரி, செய்ய வேண்டியது இதுதான். நடை முடியும்வரை பறவை மட்டும். மனுப் பேச்சு அப்புறம், டீக்கடையில். இருக்க விரும்புகிறவர் இருக்கட்டும். குழுவின் பெயரில் மனு வேண்டாம். எல்லாருக்கும் சம்மதம் இருக்காது, அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தயக்கமும் இருக்கும். சம்மதிக்கிறவர்கள் தங்கள் பெயரில் கையெழுத்துப் போடட்டும். உங்கள் பகுதியில் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் உங்கள் குளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணிக்கையை மனுவோடு இணைக்கலாம்.

அப்புறம், அந்த மாணவியை ஒருங்கிணைப்பாளரே போனில் கூப்பிடட்டும். குழுவின் பழைய பறவைக் கணக்குத் தாள்கள் அவளுக்குத் தேவைப்படும்.