தேறல்

கேள்வி: குடியிலிருந்து தேறி மீண்டும் நாடக மேடைக்கு வரும் நடிகர்களிடம் பழைய நெருப்பு இருக்குமா? அமெரிக்க நடிகர் ஜேசன் ரோபார்ட்ஸ் குடித்த காலத்தில்தான் உச்சத்தில் இருந்தார் என்று படித்தேன்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: 'தேறி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. சங்கப் பாடல்களில் தேறல் என்றால் கள். வண்டல் அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்கும் கள். நோயாளி தேறினான், மயங்கி விழுந்தவன் தேறினான் என்கிறோமே, அதற்கும் வேர் இதுவேதான். கலங்கியது தெளிவதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் தேறுதல். கள்ளுக்கும் அதே சொல், கள்ளை விட்டவனுக்கும் அதே சொல்! உடனே அதியமான் ஔவைக்குக் கள் கொடுத்தானே என்று எனக்கு அஞ்சலட்டை எழுத வேண்டாம். அந்தப் பாட்டு அதியமான் இறந்தபின் ஔவை பாடிய இரங்கற்பா. கொஞ்சம் கிடைத்தாலும் தனக்குக் கொடுத்த கையை நினைத்து ஔவை அழுகிறாள், கள்ளுக்காக அழவில்லை.

'பழைய நெருப்பு' என்ற பேச்சு எனக்கு ஆகாது. சில ஆண்டுகளுக்கு முன் இதே பக்கத்தில், மறைந்த கலைஞர்களைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளில் படைப்பைவிடப் புட்டிக் கணக்கே அதிகம் வருகிறது என்று எழுதினேன். வசைக் கடிதங்கள் வந்தன. கலைஞனின் வலி உமக்குத் தெரியாது என்றார்கள். அன்று சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. நள்ளிரவில் கதவைத் திறந்து, விழுந்து கிடப்பவரைத் தூக்கிப் படுக்க வைத்தவளின் வலியைப் பற்றி அந்தக் கட்டுரைகளில் ஒரு வரி உண்டா?

ரோபார்ட்ஸுக்கு வருகிறேன். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓநீலின் நாடகங்கள். 1956இல், 33 வயதில், நியூயார்க்கின் ஒரு சிறு அரங்கில், ஹோசே குயின்டெரோ இயக்கிய 'தி ஐஸ்மேன் கமெத்' நாடகத்தில் ஹிக்கியாக வந்தார். கதை நடப்பது குடிகாரர்கள் நிறைந்த ஒரு மதுக்கடையில். ஆண்டுக்கு இருமுறை வந்து எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்துக் கும்மாளமிடும் விற்பனைப் பிரதிநிதி ஹிக்கி. இம்முறை குடியை விட்டுவிட்டு வந்து நிற்கிறான். நீங்களும் உங்கள் பகற்கனவுகளை விட்டுவிடுங்கள் என்று உபதேசிக்கிறான். மனைவியைக் கொன்றுவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்பது கடைசி அங்கத்தில் தெரியவருகிறது. நாடகம் முழுவதும் அந்தப் பெண் மேடைக்கு வருவதே இல்லை. அவனை மன்னித்து மன்னித்தே மாண்டவள் அவள். மேலே நான் கேட்ட கேள்வியை ஓநீல் நாடகமாகவே எழுதி வைத்திருக்கிறார்.

அதே ஆண்டு ஓநீலின் சொந்தக் குடும்பக் கதையான 'லாங் டேஸ் ஜர்னி இன்டு நைட்' நாடகத்தில், குடித்தே அழியும் மூத்த மகன் ஜேமி. 1959இல் அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனி பெற்றதும் ஒரு குடிகார எழுத்தாளரின் வேடத்துக்குத்தான். ஆக, நீங்கள் படித்தது பாதி சரி. அந்தக் காலத்தில் அவர் பெரிய நடிகர். குடித்துக்கொண்டும் இருந்தார். அதனால்தான் இது என்று முடிச்சுப் போடுவதில்தான் பிழை.

1972 டிசம்பரில் கலிபோர்னியாவின் வளைந்து செல்லும் மலைச்சாலை ஒன்றில் அவர் காரை மலைச்சரிவில் மோதினார். பிழைத்ததே பெரிது, சிதைந்த முகத்தை அறுவை செய்து ஒட்ட வைத்தார்கள். ஓராண்டு கழித்து, 1973 டிசம்பர் 29 அன்று, அந்த முகத்தோடு, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் கூடிய பிராட்வேயின் மேடையில் நின்றார். மீண்டும் ஓநீல், மீண்டும் குயின்டெரோ. 'எ மூன் ஃபார் தி மிஸ்பிகாட்டன்' என்ற நாடகம். வேடம் மறுபடியும் அதே ஜேமி, இன்னும் சில ஆண்டுகள் குடித்துச் சீரழிந்த ஜேமி. ஓநீலின் அண்ணன் ஜேமி 1923இல் குடியால் இறந்தவர். அந்த அண்ணனுக்கு நிலவொளியில் ஒரு பெண்ணின் மடியில் தலைசாய்த்து உறங்க ஓர் இரவைத் தம்பி எழுதிக் கொடுத்தார். 1957இல் பிராட்வேயில் 68 காட்சிகளோடு நின்றுபோன நாடகம் அது. இம்முறை 300 காட்சிகளைத் தாண்டியது. இயக்குநருக்கும், உடன் நடித்த காலீன் டூஹர்ஸ்டுக்கும், எட் ஃபிளாண்டர்ஸுக்கும் டோனி கிடைத்தது, ரோபார்ட்ஸுக்குக் கிடைக்கவில்லை. அதை நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

குடியைவிட்டு வெளியே வந்த அவர், பிறகு அதற்கு எதிராக மேடையேறியும் பேசினார். குயின்டெரோவும் குடியோடு போராடி மீண்டவரே. 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளின் படங்களுக்கு அடுத்தடுத்து ஆஸ்கர் வாங்கினாரே ரோபார்ட்ஸ், அந்த நெருப்பு எந்தப் புட்டியிலிருந்து வந்தது?

ஓநீலையே எடுத்துக்கொள்ளுங்கள். இளமையில் அவர் குடித்த குடிக்கு அளவில்லை. 1920களின் நடுவில் விட்டார். நான் சொன்ன மூன்று நாடகங்களும் 1939க்கும் 1943க்கும் இடையில் எழுதப்பட்டவை. மதுக்கடையின் ஒவ்வொரு மேசையையும், ஒவ்வொரு புலம்பலையும் தெளிந்த கண்ணோடு திரும்பிப் பார்த்து எழுதினார். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் இதைத்தானே கேட்கிறது: தான் குடிக்காதிருக்கும்போது, குடித்துக் களித்திருக்கும் ஒருவனைக் காண்பவன், தன் சோர்வும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நினைக்க மாட்டானா?

1985இல் ரோபார்ட்ஸ் மறுபடியும் ஹிக்கி ஆனார். வயது 63. இயக்கம் அதே குயின்டெரோ. முதல் தடவை, குடிக்கிற ஒருவர் குடியை விட்டவனாக நடித்தார். இம்முறை உண்மையாகவே விட்டவர், நான்கு மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் நாடகத்தில், சுற்றிலும் கோப்பைகளோடு சாய்ந்து கிடப்பவர்களைப் பார்த்துப் பேசினார். மேடையில் விஸ்கி என்று ஊற்றப்படுவது பெரும்பாலும் பால் விடாத ஆறிய தேநீர்தான். ஆனால் அந்த நிறமும், கண்ணாடியில் அது மோதும் ஒலியும் ஒரு காலத்துக் குடிகாரரை என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். இரவுதோறும் அதன் நடுவே நிற்க வேண்டும். நான் நெருப்பு என்று சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

'லாங் டேஸ் ஜர்னி'யில் ஒரு சிறு செயல் வரும். அப்பாவின் விஸ்கியைக் குடித்துவிட்டு, அளவு குறைந்தது தெரியாமலிருக்க மூத்த மகன் புட்டியில் தண்ணீர் ஊற்றி வைப்பான். 1956இல் அந்தத் தண்ணீரை ஊற்றியவர் ரோபார்ட்ஸ். 1988, ஓநீலின் நூற்றாண்டு. பிராட்வேயில் அதே நாடகம், பக்கத்தில் அதே காலீன் டூஹர்ஸ்ட். 65 வயது ரோபார்ட்ஸ் இப்போது தகப்பன். புட்டியைச் சந்தேகத்தோடு பார்ப்பது இம்முறை அவருடைய வேலை.