டாமாக்சிஃபென் சாப்பிட்டால் இதய மாத்திரை வேண்டாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவுக்கு (வயது 58) தினமும் டாமாக்சிஃபென் 20 மி.கி. கொடுக்கிறார்கள். இது இதயச் செல்களுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று படித்தேன். அவர் பல வருடமாகச் சாப்பிடும் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கூடவே வைட்டமின் இ கொடுக்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். வைட்டமின் இ மாத்திரையும் தேவையில்லை.

நீங்கள் படித்தது பொய்யல்ல. இதயத் தசைச் செல்லின் சவ்வில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு அமிலங்கள் நிறைய உண்டு. ஒரு ஃப்ரீ ராடிக்கல் (எதனுடனும் சட்டென்று வினைபுரியும் நிலையற்ற மூலக்கூறு) அதில் ஒன்றிலிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பறித்தால், பறிகொடுத்தது பக்கத்திலிருப்பதைப் பறிக்கும். காய்ந்த வைக்கோலில் தீ பரவுகிற மாதிரிதான். டாமாக்சிஃபென் கொழுப்பில் கரையும். சவ்வுக்குள் புகுந்து அதன் நெகிழ்வைக் குறைக்கிறது. அதனால் இந்தத் தொடர்வினை தளர்கிறது. கல்லீரல் இதை 4-ஹைட்ராக்ஸி டாமாக்சிஃபெனாக மாற்றும். அதிலுள்ள ஃபீனால் தொகுதி, வைட்டமின் இ-யில் இருப்பதைப் போலவே, தன் ஹைட்ரஜனைக் கொடுத்து ராடிக்கலை அடக்குகிறது. எனவே டாமாக்சிஃபெனைவிட இந்த மாறிய வடிவத்துக்கு வலு அதிகம்.

ஆனால் இதெல்லாம் பிரித்தெடுத்த சவ்வுகளில், சோதனைக்குழாயில் பார்த்தது. அதை நம்பி யாரும் இதய நோய்க்கு டாமாக்சிஃபென் எழுதித் தருவதில்லை. எல்டிஎல் என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் இதனால் ஓரளவு குறையும், உண்மை. சிலருக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறவும் செய்யும். அதனால் மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கீமோதெரபியில் டாக்ஸோரூபிசின் ஏற்றினார்களா என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். அது இதயச் செல்லில் ஃப்ரீ ராடிக்கல்களைக் கிளப்பும் மருந்து. மொத்த அளவு கூடக்கூட இதயம் பலவீனமாகும் அபாயமும் கூடும். டாமாக்சிஃபென் அதைச் சரிசெய்துவிடும் என்று நினைத்து எக்கோ பரிசோதனையை (இதயத்தின் ஸ்கேன்)த் தள்ளிப்போடாதீர்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது டாமாக்சிஃபெனால் வரக்கூடிய ரத்தக்கட்டிதான். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு தெரிந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கருப்பை உட்சவ்வைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

உடல் திடீரென்று சூடாவதற்கோ மனச்சோர்வுக்கோ வேறு யாராவது பராக்ஸிடின், ஃப்ளூஆக்ஸிடின் எழுதினால், டாமாக்சிஃபென் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். இந்த மருந்தைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியை இரண்டுமே தடுக்கும்.