அம்மா, அக்கா இருவருக்கும் சீக்கிரமே மாதவிடாய் நின்றுவிட்டது. எனக்கும் அப்படி ஆகுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. அம்மாவுக்கு 38 வயதில் மாதவிடாய் நின்றது. அக்காவுக்கு 33 வயதிலேயே நின்றுபோய், சினைப்பை செயலிழந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மாதாமாதம் ஒழுங்காக வருகிறது. நான் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்?

பதில்: முதலில் பரிசோதிக்க வேண்டியது உங்கள் அக்காவைத்தான். அவரிடம் காரணம் பிடிபட்டால், அதே காரணம் உங்களிடமும் இருக்கிறதா என்று நேராகத் தேடலாம். குரோமோசோம் பரிசோதனையும் எஃப்.எம்.ஆர்.1 மரபணுப் பரிசோதனையும் எடுத்தாயிற்றா என்று அவரைக் கேளுங்கள். இரண்டுக்கும் ரத்தம் கொடுத்தால் போதும்.

எஃப்.எம்.ஆர்.1 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் சி.ஜி.ஜி என்ற மூன்றெழுத்துத் துணுக்கு திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலோருக்கு சுமார் 30 தடவை. 55 முதல் 200 வரை இருந்தால் அதை முன்திரிபு என்கிறோம். அது உள்ள பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்குள் சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது இந்த எண்ணிக்கை 200-ஐத் தாண்டிவிடவும் கூடும். அப்போது பிள்ளைக்கு, அதிலும் ஆண் பிள்ளைக்கு, ஃபிரஜைல் எக்ஸ் என்ற அறிவுத்திறன் குறைபாடு வரலாம்.

அதனால் குடும்ப வரலாறு சொல்லும்போது பெண்களோடு நிறுத்திவிடாதீர்கள். அம்மா வழியில், 50 வயதுக்கு மேல் கை நடுங்கி நடை தள்ளாடிய தாத்தா உண்டா? படிப்பிலும் பேச்சிலும் பின்தங்கிய மாமா உண்டா? இவையும் இதே மரபணு மாற்றத்தின் விளைவாக இருக்கலாம் என்பதால், இதையெல்லாம் மரபணு ஆலோசகரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அக்காவுக்கு அம்மாவிடமிருந்து முன்திரிபு வந்தது உறுதியானால், உங்களுக்கும் வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்றும் அகப்படவில்லை என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பலருக்குக் காரணம் பிடிபடுவதே இல்லை. அம்மாவும் அக்காவும் பாதிக்கப்பட்டிருப்பதே உங்களுக்குப் போதுமான எச்சரிக்கை.

ஏ.எம்.ஹெச் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆனால் அது இன்றைய முட்டைக் கையிருப்பைத்தான் காட்டும். மாதவிடாய் எந்த வயதில் நிற்கும் என்று சொல்லாது. எண் நன்றாக இருக்கிறதே என்று குழந்தைத் திட்டத்தைப் பல வருடம் தள்ளிப்போட வேண்டாம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்றால், முட்டைகளை உறையவைப்பது பற்றி இப்போதே பேசுங்கள். மாதவிடாய் மூன்று நான்கு மாதம் தவறினால், மன உளைச்சல் என்று விட்டுவிடாமல் சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச் என்ற ஹார்மோனின் அளவை ரத்தத்தில் பாருங்கள்.

அப்புறம், அக்கா ஹார்மோன் சிகிச்சை எடுக்கிறாரா? தடை எதுவும் இல்லையென்றால், எலும்புக்காகவும் இதயத்துக்காகவும் சுமார் 50 வயது வரை அது அவருக்குத் தேவை.