டிஸ்கவரி 2 வண்டியில் சென்டர் டிஃபரன்ஷியல் லாக்: செலவு செய்யும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2000ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஸ்கவரி 2 இருக்கிறது. பெட்ரோல் வி8, ஆட்டோமேட்டிக் கியர். கரடுமுரடான ஏற்றங்களில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வண்டி நின்றுவிடுகிறது. அந்தச் சக்கரம் மட்டும் சுழல்கிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் (வழுக்கும் சக்கரத்தைத் தானாக பிரேக் பிடிக்கும் அமைப்பு) வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் வேகம் முழுவதும் போய்விடுகிறது. பழைய டிஸ்கவரியில் இருப்பது போன்ற சென்டர் டிஃபரன்ஷியல் லாக் இதில் இல்லை. ஒரு மெக்கானிக் டிரான்ஸ்ஃபர் கேஸையே (கியர்பாக்ஸின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கும்போது லாக் எதற்கு என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வண்டியைப் பொறுத்தவரை இருவர் சொல்வதும் பெரும்பாலும் சரியல்ல. முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகக் கட்டிவிடும் இந்த லாக் உங்களுக்குத் தேவை. அதன் உள்ளமைப்பு ஏற்கெனவே உங்கள் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. அதை இயக்கும் லீவரும் இணைப்புத் தண்டும்தான் தொழிற்சாலையில் பொருத்தப்படவில்லை.

டிஸ்கவரி 2 வண்டிகளில் இருப்பது எல்டி 230 என்ற டிரான்ஸ்ஃபர் கேஸ். முந்தைய டிஸ்கவரியிலும் டிஃபென்டரிலும் இருப்பது இதே குடும்பம்தான். அவற்றில் லாக் உண்டு, ஓட்டுநருக்கு லீவரும் உண்டு. டிஸ்கவரி 2 வந்தபோது நான்கு சக்கரத்துக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கொடுத்ததால் இனி லாக் வேண்டாம் என்று முடிவு செய்து, லீவர் இணைப்பை எடுத்துவிட்டார்கள். கேஸுக்குள் இருந்த பாகங்கள் மட்டும் தொடர்ந்து வந்தன. 2001ஆம் ஆண்டு வாக்கில் உள்பாகங்களையும் நீக்கினார்கள். பிறகு 2004 மாடலில் லாக், லீவர் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே 1999, 2000 மாடல் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2002, 2003 வண்டிக்காரர்களுக்குத்தான் வேலை அதிகம். 2001 மாடல் இரண்டில் எப்படியும் இருக்கலாம்.

ஆனால் ஆண்டை மட்டும் நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள். இத்தனை வருடத்தில் யாராவது டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றியிருக்கலாம். வண்டிக்கு அடியில் படுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பக்கம், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (முன் அச்சுக்கு விசையைக் கொண்டுபோகும் சுழல் குழாய்) வெளிவரும் கூட்டைப் பாருங்கள். அதன் மேற்பகுதியில் சிறிய தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், அதன் இரண்டு பக்கமும் தட்டையாக வெட்டப்பட்டிருந்தால், உங்கள் கேஸில் லாக் இருக்கிறது. அந்த இடம் மொட்டையாக இருந்தால் இல்லை. சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடியிருக்கும். நன்றாகத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

தண்டு இருப்பது தெரிந்தால் அடுத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒருமுறைகூட அசையாத தண்டு இறுகிப் போயிருப்பது சகஜம். துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஓரிரவு விட்டுவிடுங்கள். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் வையுங்கள். அந்த நிலையில் ஆட்டோமேட்டிக் கியரின் ‘பார்க்’ வண்டியைப் பிடிக்காது என்பதால், கட்டை வைப்பதில் சோம்பல் கூடாது. ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, வண்டியை ஸ்டாண்டில் அமர்த்துங்கள். இப்போது அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றும். அடுத்து சிறிய ஸ்பானரால் தண்டை மறுமுனைக்குத் திருப்பிவிட்டு மீண்டும் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். அது சுற்ற மறுத்தால் லாக் விழுந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் பின் ஷாஃப்டைப் பிடித்திருக்கிறது, லாக் முன் ஷாஃப்டை அதோடு கட்டிவிட்டது. அதனால்தான் சக்கரம் அசையவில்லை.

தண்டு பாதி தூரம் போய் நின்றால் ஸ்பானரில் பலத்தைக் காட்ட வேண்டாம். உள்ளே பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தை லேசாக அசைத்தால் ‘டக்’ என்று விழும். முதல் நாளில் இரண்டு பக்கமும் பலமுறை மாற்றி மாற்றித் திருப்பி அதைத் தளர்த்திவிடுவது நல்லது. இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. இதை முடிக்காமல் எந்த உதிரிப் பாகத்துக்கும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

இனி டிராக்‌ஷன் கன்ட்ரோல் போதுமே என்ற வாதத்துக்கு வருகிறேன். நல்ல மெக்கானிக்குகளே இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் போகின்றன. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுப்பதுதான் சென்டர் டிஃபரன்ஷியல். அது முன்னுக்கும் பின்னுக்கும் எப்போதும் சம அளவு திருகு விசையைத்தான் கொடுக்கும். இதுதான் சிக்கலின் வேர். ஒரு முன்சக்கரம் காற்றில் தொங்கும்போது அதைச் சுழற்ற விசையே தேவையில்லை. முன்பக்கம் ஏறக்குறைய பூஜ்யம் என்றால் பின்பக்கமும் ஏறக்குறைய பூஜ்யம். பின்சக்கரம் இரண்டும் கெட்டியான பாறைமேல் நின்றாலும் பயனில்லை.

டிராக்‌ஷன் கன்ட்ரோல், சுழலும் சக்கரத்தை பிரேக் பிடித்து அங்கே செயற்கையாக ஓர் எதிர்ப்பை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பின் அளவுக்கு மற்றச் சக்கரங்களுக்கும் விசை கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சக்கரம் முதலில் வழுக்கிச் சுழன்றால்தான் அது விழித்துக்கொள்ளும். தளர்ந்த மண் ஏற்றத்தில் அந்த ஓரிரு நொடிச் சுழற்சியிலேயே சக்கரம் தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும். நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான். லாக் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். வழுக்கலுக்காகக் காத்திருக்கும் பேச்சே இல்லை.

லாக் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஒரு முன்சக்கரமும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டால், லாக் இருந்தும் அந்த இரண்டும் வெட்டியாகச் சுழலும். இடவலச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள டிஃபரன்ஷியலை சென்டர் லாக் தொடுவதில்லை. அங்கேதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் உதவிக்கு வருகிறது. லாக் முன்பின் வேலையைப் பார்த்துக்கொண்டால் அது இடவலத்தை மட்டும் கவனித்தால் போதும். பிரேக்கும் அவ்வளவாகச் சூடாகாது. இரண்டும் சேர்ந்திருக்கும் டிஸ்கவரி 2, இரண்டில் ஒன்று மட்டும் உள்ள வண்டியைவிடத் தெளிவாக மேல்.

இன்னொரு காரணமும் உண்டு, பழைய வண்டிக்கு இது மிக முக்கியம். டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஏபிஎஸ் அமைப்பை நம்பி இயங்குகிறது. டிஸ்கவரி 2 வண்டிகளில் சக்கர சென்சாரோ ஏபிஎஸ் மாடுலேட்டரில் உள்ள ஷட்டில் வால்வு சுவிட்சோ பழுதாகி ஏபிஎஸ், டிராக்‌ஷன், இறக்கக் கட்டுப்பாடு ஆகிய மூன்று விளக்குகளும் சேர்ந்து எரிவது எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. அவை எரிந்தால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இல்லை. அந்த நிமிடத்திலிருந்து, நான்கு சக்கர வண்டி ஒரே ஒரு சக்கரம் வழுக்கினால் நிற்கும் வண்டியாகிவிடுகிறது. லாக் முழுக்க இரும்பும் பல்லும். சென்சார் எதையும் கேட்காது.

டிஃபரன்ஷியலின் ஆயுளுக்கும் இது நல்லது. முன் அச்சோ பின் அச்சோ மட்டும் நெடுநேரம் வேகமாகச் சுழலும்போது, சென்டர் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு கியர்கள் தம் குறுக்கு ஊசிகள்மேல் படுவேகமாகச் சுற்றும். அங்கே எண்ணெய் போதுமான அளவு சேராது. ஊசியும் வாஷரும் தேயும். ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது அடியிலிருந்து ‘டொக்’ என்ற கனத்த சத்தம் வந்தால், லாக் பொருத்தும் முன்பே இந்த ஊசிகளையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

சரி, எப்படி இயக்குவது? எனக்குப் பிடித்த வழி 2004 மாடலின் அசல் லீவர் அமைப்பைப் பழைய வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்துவது. அதில் ஹை–லோ (சாதாரண ஓட்டத்துக்கும், மெதுவாக ஏறுவதற்குமான கியர் நிலைகள்) மாற்றும் அதே லீவரைப் பக்கவாட்டில் தள்ளினால் லாக் விழும். உங்கள் லீவர் முன்னும் பின்னும் மட்டும் போவதால், லீவர் கூடு, தண்டை இழுக்கும் இணைப்புகள், கன்சோலில் லீவரைச் சுற்றியுள்ள மூடி எல்லாம் சேர்த்து வாங்க வேண்டும். கன்சோலைக் கழற்றி மேலிருந்தும், வண்டிக்கு அடியிலிருந்தும் மாறி மாறி வேலை செய்ய வேண்டியிருக்கும். கை நுழைய இடம் குறைவு. பொறுமையுள்ளவர்களுக்கு வார இறுதி வேலை.

இரண்டாவது வழி, தனிக் கைப்பிடியோடு வரும் கேபிள் செட். பொருத்துவது எளிது, பாகங்கள் தேடி அலைய வேண்டாம். ஆனால் கேபிளை எக்ஸாஸ்ட் குழாய்க்கு அருகே கொண்டுபோனால் உறை உருகி இறுகும். கூர்மையாக வளைத்தாலும் இழுக்க முடியாது. நன்றாகப் பொருத்திய கேபிளைக் குறை சொல்ல மாட்டேன். அவசரமாகப் பொருத்தியது தேவையான நேரத்தில் கைவிடும்.

எந்த வழியானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்: தண்டு இரண்டு முனைகளிலும் முழுத் தூரம் போக வேண்டும். லீவரோ கேபிளோ தன் எல்லையை முதலில் தொட்டு, தண்டு பாதியில் நின்றால் பற்களின் நுனி மட்டும் கவ்வும். சுமை ஏறும்போது நழுவி உடையும். முழுதாகப் போய்ச் சேர்ந்த பிறகும் இணைப்பு தண்டைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி அழுத்தினால் உள்ளே பற்களை நகர்த்தும் ஃபோர்க் தேயும்.

எச்சரிக்கை விளக்கு இல்லாமல் வேலையை முடிக்காதீர்கள். கேஸின் கூட்டில் லாக் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாஷ்போர்டில் ஒரு சிறிய விளக்கு வைத்து அதன் எர்த் இணைப்பை அந்தச் சுவிட்ச் வழியாகக் கொடுங்கள். சுவிட்சைச் சரிசெய்யும் முறை இது: லாக்கைப் போட்டுவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, விளக்கு எரியும்வரை சுவிட்சை உள்ளே திருகுங்கள். எரிந்ததும் இன்னும் அரைச் சுற்று திருகி நட்டை இறுக்குங்கள். லாக்கை எடுத்தால் விளக்கு அணைய வேண்டும்.

உங்கள் கேஸில் அந்தத் தண்டு இல்லையென்று தெரியவந்தால் உங்கள் முதல் மெக்கானிக் சொன்னதுதான் வழி. லாக் உள்ள முழு டிரான்ஸ்ஃபர் கேஸாக மாற்றிவிடுவது, உள்பாகங்களைத் துண்டு துண்டாகச் சேர்ப்பதைவிட நிம்மதி. 2004 டிஸ்கவரியின் கேஸ் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. டிஃபென்டர் கேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கியர் விகிதத்தைக் கேளுங்கள். டிஸ்கவரியின் ஹை விகிதம் 1.211, டிஃபென்டரில் பொதுவாக இருப்பது 1.410. அதைப் போட்டால் அதே வேகத்துக்கு இன்ஜின் ஏறக்குறைய 16 சதவீதம் அதிகமாகச் சுற்றும். பெரிய டயர் போட்டவர்கள் அதை விரும்பலாம். நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்கள் எரிபொருளுக்கு அழ வேண்டியிருக்கும். லோ விகிதம் இரண்டிலும் 3.32தான்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80 வரிசையின் முழுநேர நான்கு சக்கர வண்டிகளில் லோவுக்கு மாற்றினாலே சென்டர் லாக் மோட்டார் மூலம் தானாக விழும். ஹையிலும் லாக் போடும் சுவிட்ச் எல்லாச் சந்தைகளிலும் தரப்படவில்லை, அங்கே சேர்க்க வேண்டியது சுவிட்சைத்தான். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாறும் பழைய ஜீப் வகை வண்டிகளில் சென்டர் டிஃபரன்ஷியலே இல்லை. அவற்றில் நான்கு சக்கரத்துக்கு மாற்றியதும் முன்னும் பின்னும் கட்டப்பட்டுவிடுகின்றன.

பயன்படுத்தும் முறை. வழுக்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே லாக்கைப் போடுங்கள். நின்றுகொண்டோ, நேராக மெதுவாகப் போய்க்கொண்டோ போடலாம். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் உடையும். காய்ந்த தார்ச்சாலையில் லாக்கோடு ஓட்டக் கூடாது. திரும்பும் ஒவ்வொரு முறையும் முன்பின் ஷாஃப்டுகளில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். லாக்கை எடுத்த பிறகும் விளக்கு அணையாவிட்டால் முறுக்கு இன்னும் இறங்கவில்லை என்று பொருள். சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் விடுபடும். லீவரை அடித்துத் திருப்ப வேண்டாம்.

இந்த வண்டியில் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரட்டை மூட்டு கிரீஸ் காய்ந்து உடைவது தெரிந்த பலவீனம். லாக் இல்லாத வண்டியில் அந்த ஷாஃப்டைக் கழற்றினால் விசை முழுவதும் வெறும் ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட் பொருந்தும் தட்டு) வழியே வீணாகும், வண்டி நகராது. லாக் இருந்தால் உடைந்த ஷாஃப்டை இறக்கி வைத்துவிட்டு, பின்சக்கர இழுவையில் பட்டறை வரை ஓட்டிப் போகலாம். அப்படி ஓட்டும்போது நிறுத்தும் இடத்திலும் லாக்கை எடுக்காதீர்கள். எடுத்தால் ‘பார்க்’ வண்டியைப் பிடிக்காது, ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்கும்.

பஞ்சர் போடும்போதும் லாக் தேவை. இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரங்களில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் வாயிலில் இருக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கில் தூக்கினால், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல, தரையில் உள்ள மற்றப் பின்சக்கரம் உருள முடியும். ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி ஜாக்கிலிருந்து சரியலாம். லாக் போட்டிருந்தால் அதே ஹேண்ட் பிரேக் முன் அச்சையும் சேர்த்துப் பிடிக்கும். இனிமேல் ஜாக்கை எடுக்கும் முன் லாக், ஹேண்ட் பிரேக், சக்கரக் கட்டை மூன்றையும் பாருங்கள். மாதம் ஒருமுறையாவது மண் தரையில் லாக்கைப் போட்டு எடுத்து, அந்தத் தண்டு மறுபடி இறுகாமல் வைத்திருங்கள்.