பொருத்தனைக்கு நகைக்கடன் வேண்டாம், சகோதரி

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு 38 வயது. சொந்தப் பிக்-அப்பில் காய்கறி ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறார். கொஞ்சம் தேயிலையும் உண்டு. எல்லாம் சேர்த்து மாதம் சராசரி 26,000 ரூபாய். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம் 2,600 தவறாமல் ஆலயத்துக்குக் கொடுத்துவிடுவோம். ஆறு வருஷமாக அறுப்பின் பண்டிகையில் ஆலயக் கட்டட நிதிக்கு வருஷா வருஷம் 40,000 பொருத்தனை, அதாவது தருவதாக நேர்ந்துகொண்ட காணிக்கை. கையில் இராது, பத்துப் பவுன் நகை மேல் கடனைக் கூட்டி வாங்கிக் கொடுப்போம். இப்போது கடன் 2,40,000. தனியார் ஃபைனான்ஸில் மாதம் ஒன்றரை வட்டி. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். அடுத்த மாதம் மறுபடி பண்டிகை. சேமிப்பு, இன்சூரன்ஸ் என்று பேச்செடுத்தால், 'நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்' என்ற வசனத்தைச் சொல்லி, அதெல்லாம் அவிசுவாசம் என்கிறார். ஜெபக்கூட்டத்துக்கு வரும் அண்ணன் ஒருவர் வருஷம் 50,000 கட்டும் யூலிப் (ஆயுள் காப்பும் சந்தை முதலீடும் சேர்ந்த) பாலிசி போடச் சொல்கிறார். இரண்டு பிள்ளைகள். என்ன செய்யலாம்?

பதில்: சேமிப்பு ஏன் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்ததால்தானே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டைக் கரைப்பது அந்த 40,000. அதாவது, கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்கும் பழக்கம்.

2,40,000-க்கு ஒன்றரை வட்டி என்றால் மாதம் 3,600. தசமபாகம் 2,600. ஆக, ஒவ்வொரு மாதமும் ஆண்டவருக்குக் கொடுப்பதைவிட ஆயிரம் ரூபாய் அதிகமாக ஃபைனான்ஸ்காரருக்குக் கொடுக்கிறீர்கள். முதல் வருஷம் 40,000-க்கு வட்டி, அடுத்த வருஷம் 80,000-க்கு என்று கூட்டிக்கொண்டே வந்தால், ஆறு வருஷ வட்டி சுமார் 1,50,000 வருகிறது. ஆலயத்துக்குப் போனது 2,40,000. அந்த ஒன்றரை லட்சம் ஆலயத்துக்கும் போகவில்லை, பிள்ளைகளுக்கும் வரவில்லை. இந்தக் கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். விவாதம் வேண்டாம்.

வசனத்துக்கு விளக்கம் சொல்ல நான் ஆயர் அல்ல. ஆனால் கடன் என்பது நாளைய சம்பாத்தியத்தை இன்றே செலவழிப்பது. நாளைக்காகக் கவலைப்படாதவர் அதை எப்படி அடகு வைப்பார்? ஆலயக் கட்டடத்துக்கென்றே பொருந்தும் வசனமும் இருக்கிறது: கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் (லூக்கா 14:28). கொடுப்பதைப் பற்றிப் பவுல் எழுதுவது இன்னும் நேரடி. ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறார் (2 கொரிந்தியர் 8:12). கடன் வாங்கிய 40,000 உங்களிடம் உள்ளதா, இல்லாததா? ஆயரிடம் போய், 'இந்த வருஷம் முடியாது, கடனை அடைக்கிறோம்' என்று பண்டிகைக்கு முன்பே இருவருமாகச் சொல்லிவிடுங்கள். பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை விடும் ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்துக் காட்ட வேண்டும் என்ற கூச்சமும் வேண்டாம்.

இன்சூரன்ஸ் அவிசுவாசம் என்கிறவர் பிக்-அப்புக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டாமல் கோத்தகிரி மலைப்பாதையில் இறங்க முடியாது, சட்டம் விடாது. அந்தப் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பு பெரும்பாலும் அதில் சேர்ந்திருக்கும். அதற்கும் அவர்தான் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறார்! ஆனால் காய்ச்சலோ மாரடைப்போ வந்து இறந்தால் அதில் பத்து பைசா வராது.

இனி கடன். வட்டி குறைந்த வங்கிக்கு மாற்றலாமே என்பார்கள். பத்து சதவீதத்துக்கே கிடைத்தாலும், மாதம் 3,600 கட்டினால் அடைய எட்டு வருஷம் ஆகும். ஆகவே நகையில் கொஞ்சத்தை விற்றுவிடுங்கள். இன்று பவுன் போகிற விலைக்கு மூன்று பவுனுக்குள் கடன் முடிந்துவிடும் என்றே கணிக்கிறேன். தாலியைத் தொடச் சொல்லவில்லை. போடாத செயின், வளையல் எதுவோ அது. அடகில் இருக்கும்போதே வந்து மீட்டு வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு, ஆனால் விலையில் அடிப்பார்கள். நம்பகமான சொந்தத்தில் இரண்டு நாள் கைமாற்று வாங்கி, நகையை மீட்டு, நீங்களே இரண்டு கடையில் விலை கேட்டு விற்பது மேல்.

அப்புறம் மாதம் 3,600 கையில் நிற்கும். அதில் 1,300 வாக்கில் அவர் பேரில் 30 லட்சம் டேர்ம் பாலிசிக்கு, அதாவது அவர் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் காப்புக்கு. புகை, சர்க்கரை இருந்தால் பிரீமியம் கூடும், மறைக்காமல் எழுதுங்கள். வங்கியிலேயே வருஷம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பு, 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பு என்று இரண்டு அரசுத் திட்டங்கள் உண்டு. இருவருமே சேருங்கள். 1,800 மாதாமாதம் கட்டும் சேமிப்பான அஞ்சலக ஆர்.டி.க்கு. பனி விழுந்து இலை வரத்து குறையும் மாதங்களுக்கும், வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கும் அது உதவும். எகிப்தில் யோசேப்பு செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தான். நீங்கள் வைக்கப்போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி 500-ஐ அறுப்பின் பண்டிகைக்கென்றே தனி உண்டியலில் போடுங்கள். அடுத்த வருஷப் பண்டிகையில் 6,000 வட்டியில்லாத பணமாகக் கொடுப்பீர்கள். தசமபாகத்தைக் குறைக்கச் சொல்லி நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த யூலிப் வேண்டவே வேண்டாம். 50,000 கட்டினால் பெரும்பாலும் பத்து மடங்கு, ஐந்து லட்சம்தான் காப்பு. ஐந்து வருஷம் பணத்தை வெளியே எடுக்கவும் முடியாது. அந்த ஐம்பதாயிரத்துக்கும் நகையைத்தானே வைப்பீர்கள்? அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும், கமிஷன் அவருக்கு. ஜெபக்கூட்டம் வேறு, பாலிசி வேறு என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

நகையை மீட்கும்போது ஆறு வருஷத்துக்கு முன் வைத்த முதல் ரசீதையும் எடுத்துப்போய், ஒவ்வொரு உருப்படியையும் எடை போட்டு வாங்குங்கள். திருப்பி வைக்கும்போதெல்லாம் ரசீதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.