மகன் ஒருவரோடும் சேருவதில்லை என்கிறார்கள், படிவத்தில் கையெழுத்து வைக்கலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம். இருவருக்கும் வேலை என்பதால் 11 வயது மகன் பள்ளிக்கூடம் விட்டு ஆறு மணிவரை ஆஃப்டர் ஸ்கூலில் நிற்கிறான். போன கிழமை அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லீடர் உங்களை மறித்து, "இவன் ஒருவரோடும் சேருவதில்லை, சாப்பாட்டுப் பெட்டியையும் திறப்பதில்லை, ஒரு உளவளத்துணையாளரோடு கதைக்க விடுவோமா?" என்று கேட்டு ஒரு படிவமும் தந்திருக்கிறார். விசர் என்று எழுதிவிடுவார்களோ, பீ.ஆருக்கு, அதாவது நிரந்தர வதிவுரிமைக்கு, இடைஞ்சல் வருமோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று உங்களுக்குப் பயம். பேசாமல் நிற்பாட்டி ரியூஷனுக்கு விடச் சொல்லி மாமி சொல்கிறாராம்.

நிற்பாட்ட வேண்டாம். ஏன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் 1999இல் வந்தவள். மகள் இங்கே பிறந்தாள். அவள் முதலில் போன ஆஃப்டர் ஸ்கூலில் பின்னேரம் கூப்பிடப் போனால், "நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். சத்தமில்லாத பிள்ளை சுகமான பிள்ளை என்றுதானே நாங்கள் வளர்ந்தோம். 2009 தை மாதம் வீடு மாறியதில் வேறொரு இடத்துக்கு விட்டோம். ஊரில் போரின் கடைசி மாதங்கள் அவை, எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் தமக்கை வன்னிக்குள் இருந்தா. வீட்டில் விடிய விடிய தொலைக்காட்சி, ஃபோன், அழுகை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைத்தோம். அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

புது இடத்தில் அவள் மூன்றரை மணிக்குப் போனதும் ஜன்னலடியில் நிற்பாளாம். நான் வரும்வரை விலகமாட்டாளாம். அங்கே ஒரு லீடர், ஜமெய்க்கா குடும்பத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு பகுதிநேரமாக வேலை செய்தவ. அவ மகளை "வா விளையாடு" என்று இழுக்கவில்லை. டொமினோ பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலடியிலேயே நிலத்தில் இருந்திருக்கிறா. முதல் கிழமை தனியே அடுக்கினாவாம். இரண்டாவது கிழமை மகள் ஒரு கட்டையைத் தள்ளி வைத்திருக்கிறாள். ஆறாவது கிழமை இரண்டு பேரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்ததை நானே கண்டேன்.

அந்தப் பெண் உங்கள் லீடர் கேட்டதையே என்னிடமும் கேட்டா. "எங்கள் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன். வன்னி முழுவதும் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் சொன்ன வசனம் அது. கடைசியில் ஐப்பசியில்தான் கையெழுத்து வைத்தேன். அந்த ஏழு மாதங்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும்.

இதற்குப் பிறகு நானே ஒரு ஆஃப்டர் ஸ்கூலில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன். வகுப்பில் பிள்ளை எங்கே இருக்க வேண்டும், எப்போது எழும்ப வேண்டும் என்பதை மணியும் ஆசிரியரும் தீர்மானிக்கிறார்கள். தனிமையாக இருக்கும் பிள்ளைகூட அங்கே மறைந்துகொள்ளலாம். மூன்றரைக்குப் பிறகுதான் "யாரோடு இருக்கப் போகிறாய்" என்ற கேள்வி வரும். அதனால்தான் ஆசிரியருக்குத் தெரியாதது லீடருக்குத் தெரிகிறது. நாங்கள் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் உரிமம் பெற்ற இடங்களில் முதலாம் வகுப்பிலும் அதற்கு மேலும் உள்ள 15 பிள்ளைகளுக்கு ஒரு பணியாளர் என்பது பொதுவான கணக்கு. ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் மட்டும் உள்ள குழுவென்றால் 20க்கு ஒருவர். அத்தனை பேருக்குள் உங்கள் மகனின் திறக்காத சாப்பாட்டுப் பெட்டியை ஒருவர் கண்டிருக்கிறார். அந்த ஆளை விட்டுவிடாதீர்கள்.

மகனுக்கு நோய் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புது மொழிக்குள் வந்த பிள்ளைகள் சில மாதங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம். பிறகு ஒருநாள் முழு வசனமாக வரும். சாப்பாட்டுப் பெட்டியிலும் வேறு கதை இருக்கலாம். புட்டின் வாசத்துக்கு யாரோ மூக்கைப் பிடித்திருப்பான். உங்கள் மகனுக்கு முதல் மாரி வேறு. மார்கழியில் ஐந்து மணிக்கு முன்பே இருண்டுவிடும் ஊரில், அம்மம்மாவின் முற்றத்திலிருந்து வந்த பிள்ளைக்கு மனம் சுருங்காவிட்டால்தான் அதிசயம். ஆனால் சாப்பாட்டை ஒதுக்குவது, நித்திரை குழம்புவது, முன்பு பிடித்ததெல்லாம் வெறுத்துப்போவது, காரணமில்லாமல் அடிக்கடி வயிற்றுவலி என்பது, இவை கிழமைக்கணக்கில் நீண்டால் பார்க்கத்தான் வேண்டும். பார்க்கத் தெரிந்தவரிடம்தான் அனுப்பக் கேட்கிறார்கள்.

இனி உங்கள் பயங்களுக்கு வருகிறேன். உளவளத்துணைக்குப் போனதற்காக ஒருவருடைய பீ.ஆர். பறிபோகாது. அங்கே கதைத்தது ரிப்போர்ட் கார்டில் ஏறாது. மனநலச் சேவை கொடுப்பவர்களின் பதிவுகளுக்கு 2004ஆம் ஆண்டின் ஒன்ராறியோ சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் காவல். பிள்ளை தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால், அல்லது யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று நியாயமான சந்தேகம் வந்தால் அவர்கள் வெளியே சொல்லத்தான் வேண்டும். அந்த இரண்டாவதில்தான் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் சிறுவர் உதவிச் சங்கம் வரும். ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்காக அவர்கள் வீடு தேடி வருவதில்லை. பூவரசங்கம்பு, பெல்ட், அடிமட்டம் என்று எதையும் கையில் எடுக்காதீர்கள், தலையில் குட்டவும் வேண்டாம். இதையெல்லாம் கூடாது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை, அதுதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. 12 வயதானால் இங்கே பிள்ளை தன் சம்மதத்தோடேயே உளவளத்துணைக்குப் போகலாம். பெற்றோரின் கையெழுத்துத் தேவையில்லை. 16 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரையும் சேர்ப்பது பற்றிப் பிள்ளையோடு கதைக்க வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்கிறது. உங்கள் மகனுக்கு இன்னும் கொஞ்ச மாதங்கள்தான். இன்றைக்கு நீங்கள் கூடவே போனால், பிறகு அவன் உங்களுக்கு ஒளித்துப் போகத் தேவை இராது.

கையெழுத்து வைக்க முதல் லீடரிடம் பத்து நிமிடம் கேளுங்கள். மகனை மொழிபெயர்ப்பாளனாக வைக்க வேண்டாம். தன்னைப் பற்றிய கதையைத் தானே அம்மாவுக்குச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் பாரம். உங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்விஸ் என்னும் புதுக்குடியேறிகளுக்கான உதவியாளர் வருவார், ஸ்காபரோவில் தமிழ் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வருகிறவர் எந்த நிறுவனம், எத்தனை முறை சந்திப்பார், எந்த அறையில் என்று கேளுங்கள். பணம் கேட்டால் உஷார். அரசு நிதியில் நடக்கும் சிறுவர் மனநல நிறுவனங்கள் 18 வயதுவரை பணம் வாங்குவதில்லை, வரிசைதான் நீளம். தனியார் உளவியலாளருக்கு ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பணம் கட்டாது. காத்திருக்கும் காலத்தில் அவனுக்கு இரவில் யாரோடாவது கதைக்க வேண்டுமென்றால் கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் இருக்கிறது, 1-800-668-6868, இருபத்துநான்கு மணிநேரமும். சாக வேண்டும் போல் இருக்கிறது என்று பிள்ளை வாய்விட்டால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழையுங்கள். இதற்குக் காத்திருக்கக் கூடாது.

ஆஃப்டர் ஸ்கூலைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் இல்லை நான். லீடர்களில் கனபேர் படிக்கிற பிள்ளைகள், சம்பளம் குறைவு, புரட்டாதி வந்தால் முகம் மாறும். என் மகளின் டொமினோ அக்கா அந்தக் கோடையில் சொல்லாமல் போய்விட்டா. அதற்கு அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். "நீங்கள் போவதென்றால் அவனுக்கு இரண்டு கிழமைக்கு முதலே சொல்லுங்கள்" என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

மாமியின் ரியூஷன் யோசனை எனக்கும் விளங்குகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலுக்குப் பிள்ளையை இருட்டும்வரை இருத்திய ஊர் எங்களுடையது. ஆனால் உங்கள் மகனுக்கு இப்போது குறைவது கணக்கு இல்லை, கூட்டாளி.

இங்குள்ள பொழுதுபோக்கு வேலையாட்களுக்கு ஹை ஃபைவ் என்று ஒரு பயிற்சி உண்டு. அன்பான ஒரு பெரியவர், நண்பர்கள், விளையாட்டு, ஏதாவதொன்றில் தேர்ச்சி, முடிவெடுப்பதில் பங்கு. பிள்ளைக்கு இந்த ஐந்தும் கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருவார்கள். நான் படித்தபோது, அட, இதுதானே எங்கள் கோயில் வீதியில் பின்னேரங்களில் நடந்தது என்று நினைத்தேன். தேர்ச்சி என்பதுதான் உங்கள் மகனிடம் பறிபோயிருக்கிறது. ஊரில் எல்லாம் தெரிந்தவன், இங்கே ஒன்றும் தெரியாதவன்.

அவனுக்கு எங்கள் ஊரில் கோடு கீறி மறித்து விளையாடும் கிளித்தட்டு தெரியுமா? தெரிந்தால் லீடரிடம் சொல்லுங்கள். அந்த ஜிம் தரையில் பட்மின்ரனுக்குக் கீறிய கோடுகள் ஏற்கனவே இருக்கும். கிளி யார், எந்தத் தட்டில் யார் மறிப்பது என்று அவன்தான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டி வரும்.