வாசகர் கேள்வி பதில்: நீச்சல் குளத்தோடு ஒரு வாடகை வீடு

கேள்வி: சிறிய ஊர் ஒன்றில், நீச்சல் குளம் உள்ள குடியிருப்பில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட் வாடகைக்கு வருகிறது. குளத்துக்காகக் கூடுதல் வாடகை கேட்கிறார்கள். தரலாமா?

பதில்: குளம் ஆண்டு முழுக்கப் புழக்கத்தில் இருந்தால் தரலாம். தண்ணீரின் நீலத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அது பெரும்பாலும் டைல்ஸின் நிறம். ஆழமான பக்கத்தில் அடியில் உள்ள வடிகால் மூடி, கரையில் நின்றால் பளிச்சென்று தெரியவேண்டும். மங்கலாகத் தெரிந்தால் ஃபில்டரில் கோளாறு, அல்லது பம்ப்பைப் போதிய நேரம் ஓடவிடுவதில்லை. மூடி உடைந்திருந்தால் குளத்தில் இறங்கவே கூடாது; உறிஞ்சும் வேகத்தில் தலைமுடியோ கைகாலோ சிக்கிக்கொள்ளும்.

மூக்கைத் துளைக்கும் குளோரின் நெடி அடித்தால், மருந்து தாராளமாகப் போடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர் எதிர். வியர்வை, சிறுநீரோடு கலந்து குளோரமைனாக மாறிய குளோரின்தான் அப்படி நாறும். புதிதாகப் போட்டது போதவில்லை என்று அர்த்தம். டெஸ்ட் ஸ்டிரிப் (தண்ணீரில் நனைத்தால் நிறம் மாறும் பரிசோதனைத் தாள்) ஒன்றை எடுத்துப் போய் நீங்களே நனைத்துப் பாருங்கள்: பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8, கலக்காமல் மிச்சமிருக்கும் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்கவேண்டும்.

சின்ன ஊரில் பெரிய தலைவலி ஆள் கிடைக்காததுதான். மோட்டார் எரிந்துபோய், உதிரிபாகம் வெளியூரிலிருந்து வருவதற்குள் தண்ணீர் பச்சையாகிவிடும். அதனால் 'குளம் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் மூடியிருந்தால் வாடகையில் இவ்வளவு குறையும்' என்று ஒப்பந்தத்தில் தொகையோடு எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

கேள்வி: மெயின்டனன்ஸ் தனி என்கிறார்கள். குளத்துக்கு அப்படி என்ன செலவு?

பதில்: 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால் 60,000 லிட்டர் தண்ணீர். அது முழுவதும் 6 மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றிவர, மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் பம்ப் வேண்டும். வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 250 லிட்டர் போய்விடும். மின்சாரம், மருந்து, ஆள் கூலி எல்லாம் 8 வீடு இருந்தாலும் 80 வீடு இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே எத்தனை வீடுகள் பங்கு போடுகின்றன என்று முதலில் கேளுங்கள். சதுர அடிக் கணக்கில் பிரித்தால் சின்ன வீட்டுக்கு லாபம். வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால் பெரிய வீட்டுக்காரருக்காக நீங்கள் கட்டுகிறீர்கள்.

கேள்வி: குளத்தை ஒட்டிய தரைத்தள வீடு நல்லதா?

பதில்: பம்ப் அறைச் சுவர் படுக்கையறைச் சுவரா என்று பாருங்கள். ஒரே ஒரு பெட்ரூம், கட்டிலை நகர்த்த வேறு அறை கிடையாது. பம்ப் ஓடும் நேரத்தில் போய்ச் சுவரில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். வீட்டுக்குக் குழந்தைகள் வந்துபோவார்கள் என்றால், குளத்தைச் சுற்றிக் குறைந்தது 4 அடி வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் இருக்கவேண்டும். இவை இல்லாவிட்டால் மேல்மாடி வீட்டைக் கேளுங்கள்.